முன்னால் போகிறவருக்கும் லாபம்தான்

நிதி திரட்டும் சைக்கிள் பயணத்தில் முதன்முறையாகக் கலந்துகொள்ளப்போகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தனியாக 40 கிலோமீட்டர் ஓட்டினாலே கால் ஓய்ந்துவிடுகிறது. கூட்டத்தோடு போனால் 100 கூடப் போகலாம் என்கிறார்களே, எப்படி?"

உற்சாகத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு காற்றுடையது. சமதரையில் காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிப்படி (வேகம் × வேகம்) கூடும். அதைச் சமாளிக்கத் தேவையான திறன், அதாவது நொடிக்கு நொடி கால் கொடுக்க வேண்டிய ஆற்றல், மும்மடிப்படி (வேகம் × வேகம் × வேகம்) கூடும். 20 கி.மீ. வேகத்திலிருந்து 30க்குப் போனால், காற்றுக்கு மட்டும் மூன்று மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும்.

சரி, காற்று எங்கே பிடிக்கிறது? நெஞ்சில் மோதுவது மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. முதுகுப் பக்கம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மீனின் உடல் வாலை நோக்கி மெல்லக் குறுகுவதால் நீர் அதை ஒட்டியே வழிந்துபோகிறது. சைக்கிள் ஓட்டுபவரின் உடல் அப்படி இல்லை. தோளையும் இடுப்பையும் தாண்டியதும் காற்று உடலை விட்டுப் பிரிந்து, பின்னால் சுழல்களாகக் கலங்குகிறது. அங்கே அழுத்தம் குறைவு, முன்னால் அதிகம். இந்த வித்தியாசம்தான் ஆளைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

அந்தக் கலங்கலுக்குள் இன்னொருவர் வந்தால், அங்குள்ள காற்று ஏற்கெனவே அவர் போகும் திசையிலேயே நகர்ந்துகொண்டிருக்கும். நெருங்கிப் போனால் அவருக்குத் தேவையான திறனில் கால் பங்குக்கு மேலேயே மிச்சமாகலாம். அப்புறம்தான் அழகே இருக்கிறது. பின்னால் வருபவர் தனக்கு முன்னே சற்று அழுத்தத்தை உண்டாக்குகிறார் அல்லவா? அது முன்னவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள குறை அழுத்தத்தைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. அதனால் முன்னவருக்கும் காற்றெதிர்ப்பு 2, 3 சதவீதம் வரை குறையும். தொடாமலேயே ஒரு சிறு தள்ளல்! ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது அவருடைய உழைப்பைத் திருடுவது என்று நினைப்பவர்களுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளாக்கன் குழு 2018இல் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தைக் கணினியிலும், காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தது. கூட்டத்தின் நடுப் பின்பகுதியில் இருப்பவருக்கு, தனியாகப் போகிறவர் சந்திக்கும் எதிர்ப்பில் 5 முதல் 10 சதவீதம்தான். சைக்கிளுக்கு இவ்வளவு ஆராய்ச்சிச் செலவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிளாக்கன் கட்டடங்களைச் சுற்றிக் காற்று பாய்வதை ஆராய்பவர். இரண்டுக்கும் ஒரே இயற்பியல்தான். இப்படிப்பட்ட அடிப்படை ஆய்வுக்குப் பணம் தாராளமாகவே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் பயணத்துக்கு வருவோம். பந்தயக்காரர்களைப் போலச் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப் போக வேண்டாம். இரண்டும் உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருபவர்தான். ஒரு சைக்கிள் நீளம் விட்டாலும் நல்ல பலன் உண்டு. வலுவானவர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறி முன்னால் போகட்டும், புதியவர்கள் நடுவில் இருக்கட்டும். பக்கக்காற்று அடித்தால் மறைப்பும் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அதைப் பிடிக்க ஆசைப்பட்டுச் சாலையின் குறுக்கே பரவ வேண்டாம்.

ஏற்றத்தில் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே வேகம் குறைவு, போராட்டம் ஈர்ப்பு விசையோடு. அதை யாரும் யாருக்காகவும் மறைத்துக் கொடுக்க முடியாது. அவரவர் வேகத்தில் ஏறுங்கள். முதலில் மேலே போனவர்கள், கடைசி ஆள் வந்து மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருங்கள்.