எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் முன்

“எத்தனை பர்சன்ட் டாக்டர்?”

மதுரையில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பிறந்ததும் அழாத குழந்தையோ, மாதம் நிறையாமல் ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தையோ, பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்று குடும்பத்துக்கு ஒரு எண் வேண்டும். “இருபது” என்றால் சித்தப்பா ஒருவர் உடனே “அப்ப எண்பது இல்லைன்னுதானே?” என்பார். சாயங்காலமே, “எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிர்றோம்” என்று வந்து நிற்பார்கள்.

சிகிச்சை போதும், எங்கள் பொறுப்பில் கூட்டிப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த முடிவில் பெற்றவளே பல நேரம் இருப்பதில்லை. பிரசவம் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ நடந்திருக்கும். பிள்ளை மட்டும் 108-இல் மதுரைக்கு வந்துவிடும். தாய் சிசேரியன் தையலோடு அங்கேயே படுத்திருப்பாள். இங்கே வராந்தாவில் அப்பாவும், இரண்டு தாத்தாக்களும், தாய்மாமனும் கூடிப் பேசுவார்கள். “பாப்பா நல்லாத்தான் இருக்கு, நீ அழுகாத, தையல் பிரிஞ்சிரும்” என்று அவளிடம் போனில் சொல்லிவிட்டு, பேனா கேட்பார்கள். தாயைக் கூட்டி வர முடியாவிட்டால் வீடியோ காலிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள். நானே அவளிடம் பேசுகிறேன்.

பெண் பிள்ளை என்றால் அந்தப் பேனா இன்னும் சீக்கிரம் கேட்கப்படுகிறது. சொன்னால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

அடுத்தது அவசரம். பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூளை எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதை முதல் நாளே அடித்துச் சொல்ல முடியாது. வலிப்பு அடங்குகிறதா, கை கால் துவண்டே கிடக்கிறதா, தானாக மூச்சு இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் நாலைந்து நாள் கழித்து எடுத்தால்தான் படம் ஓரளவு பேசும். அதனால் பர்சன்ட்டை விட்டுவிட்டு, “நாளைக்கு எதைப் பார்த்தால் தேறுகிறது என்று அர்த்தம்? பிழைத்தால் தானாகப் பால் குடிக்குமா, நடக்குமா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்கு எங்களால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

இதற்கு நடுவில் வெளிநாட்டிலிருந்து மாமா ஒருவர் போன் செய்து, “அங்க கூலிங் பண்ணலையா?” என்பார். பிறந்ததும் அழாத குழந்தையின் மூளையைக் காக்க உடலைக் குளிர்வித்து, 72 மணி நேரம் 33–34 டிகிரி செல்சியஸில் வைக்கும் சிகிச்சை அது. பணக்கார நாடுகளில் வழக்கம். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில் ஊனமும் குறையவில்லை, இறப்பு கூடத்தான் செய்தது. செய்யாமல் விட்டதெல்லாம் கைவிட்டது ஆகாது.

காசு தீர்ந்துபோனதால்தான் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால், கூச்சப்படாமல் அதைச் சொல்லிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்க்கலாம், பெரியாஸ்பத்திரிக்கு மாற்றலாம்.

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, பிள்ளை பிழைக்காது என்று தெளிவாகிவிட்டது, அப்போது? இப்போது நடப்பது இதுதான். ஆம்புலன்ஸில் டெக்னீசியன் காற்றுப் பையை அழுத்திக்கொண்டே வருவார். வீடு வந்ததும் மூச்சுக்காகப் போட்ட குழாயை எடுத்துவிட்டு அவர் கிளம்பிவிடுவார். பிள்ளை மூச்சுக்குத் திணறும். தணிக்க ஒரு சொட்டு மருந்து இருக்காது. பச்சைப் பிள்ளைக்கு என்ன வலி தெரியும் என்பவர்களுக்கு ஒன்று: 1980-கள் வரை மருத்துவர்களிலேயே பலர் அப்படி நம்பி, போதுமான மயக்க மருந்து இல்லாமல் அறுவை செய்தார்கள். வலி தெரியும் என்பது இன்று சந்தேகமில்லாத உண்மை.

இதற்கு முறையான வழி இருக்கிறது. குணமாகும் வாய்ப்பே இல்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவியை நிறுத்த 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. மூன்று மூன்று மருத்துவர் கொண்ட இரண்டு குழுக்கள் பார்க்க வேண்டும், குடும்பம் சம்மதிக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். அதன்பின் வலியையும் திணறலையும் தணிக்கும் மார்ஃபின் போன்ற மருந்தோடு, தாய் மடியில் வைத்தே குழாயை எடுக்கலாம். கருவி இல்லாமல் சில நாளோ சில மாதமோ தாங்கக்கூடிய பிள்ளை என்றால், குழாய் வழியாகப் பால் கொடுக்கவும் சளி உறிஞ்சவும் சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்கு வீட்டுக்கே நர்ஸ் வருவார். “ஆதரவு சிகிச்சை வேண்டும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் நாங்களும் அசைவோம். எங்களில் சிலருக்கும் அந்தப் பேச்சை எடுக்கத் தயக்கம்.

இன்னொன்று. அத்தை மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்களும், இதே மாதிரி முதல் பிள்ளையையும் பறிகொடுத்தவர்களும் கிளம்பும் முன் பிள்ளையின் ரத்த மாதிரியை மரபணுப் பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். தாய் தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் குறைபாடு காரணமென்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு அது திரும்பி வர. எந்த மரபணு என்று தெரிந்தால் அடுத்த கர்ப்பத்தில் மூன்றாம் மாதமே சோதித்துப் பார்க்கலாம். அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அடுத்த முறை மூன்று மாத வயிற்றோடு வந்து, “போன பிள்ளைக்கு என்ன இருந்துச்சு?” என்று கேட்கும்போது எங்கள் கையில் ஒரு பழைய டிஸ்சார்ஜ் தாள்தான் இருக்கும்.