ஆயுள் தண்டனையும் 14 வருடக் கணக்கும்

"சார், 14 வருஷம் முடிஞ்சிடுச்சே, இன்னும் ஏன் விடல?" சட்ட உதவி வழக்கறிஞராகச் சிறைக்குப் போய்வருகிற என்னிடம் ஆயுள் கைதிகளின் வீட்டார் அதிகம் கேட்பது இதைத்தான். 14 வருடம் முடிந்தால் கதவு தானாகத் திறக்கும் என்று நம்பிக்கொண்டு நாள் எண்ணுகிறார்கள். இதில் அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வெளியே பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

சட்டத்தில் ஆயுள் தண்டனை என்றால் உயிர் உள்ளவரை. காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சேயின் வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 14 என்ற எண் வந்தது அதற்குப் பிறகு, 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 433ஏ பிரிவிலிருந்து. மரண தண்டனை வரை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவரை, 14 ஆண்டுகளைச் சிறையில் கழிக்கும் முன் அரசு விடுவிக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 475-வது பிரிவாக இருக்கிறது. அதாவது 14-க்கு முன் விட முடியாது. 14-க்குப் பின் விடலாமா என்று பரிசீலிப்பார்கள். அவ்வளவுதான். (விசாரணைக் கைதியாக இருந்த நாட்களும் இந்தக் கணக்கில் சேரும். 1985-ல் பகீரத் வழக்கில் முடிவான விஷயம். ஆனாலும் சிறைப் பதிவேட்டில் அந்த நாட்கள் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.)

தண்டனைச் சீர்திருத்தம் என்றதும் மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்துக்குப் போய்விடுகிறோம். என் அனுபவத்தில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கொலைக் குற்றம் நிரூபணமானால் நீதிபதி கையில் இருப்பவை இரண்டே தண்டனைகள்: மரணம் அல்லது ஆயுள். திட்டம் போட்டு வெட்டியவருக்கும், தகராறில் அண்ணனோடு போய் 'பொது நோக்கம்' என்ற (கூட இருந்தவரையும் அதே குற்றத்துக்குப் பொறுப்பாக்கும்) பிரிவில் மாட்டிய 19 வயதுப் பையனுக்கும் ஒரே தண்டனை. யார் பங்கு எவ்வளவு, யார் மாறக்கூடியவர் என்று பிரித்துப் பார்க்கும் வேலையைத் தீர்ப்பு நாளில் யாரும் செய்வதில்லை. அது 14 வருடம் கழித்து, முன்விடுதலைக் (தண்டனைக் காலம் முடியும் முன் அரசு விடுவிப்பது) கோப்பில்தான் நடக்கிறது.

அந்தக் கோப்பில் அப்போது என்ன இருக்கும்? தண்டனை குறித்துக் குற்றவாளியின் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி. நடப்பில் அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். 'வயதான தாயார் இருக்கிறார், கருணை காட்ட வேண்டும்' என்று ஒரு வரி பதிவாகும். வளர்ந்த சூழல், படிப்பு, குடி, மனநிலை, சம்பவத்தில் அவருடைய பங்கு எதுவும் எழுத்தில் வராது. மரண தண்டனை கேட்கப்படும் வழக்குகளில் இந்த விவரங்களை விசாரணை நீதிமன்றத்திலேயே திரட்ட வேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் தண்டனை வழக்குகளுக்கும் அதை விரிவாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. எப்படியும் ஆயுள்தானே, எதற்கு இவ்வளவு பாடு என்று சக வழக்கறிஞர்களே கேட்பதுண்டு. 14 வருடம் கழித்து அந்தக் காகிதத்தைத் தேடுவார்கள், அதற்காகத்தான்.

முன்விடுதலையின்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு 2000-ல் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கு வழிகாட்டியது: குற்றம் சமூகத்தைப் பெரிதாகப் பாதித்ததா, மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு உண்டா, இனியும் அடைத்து வைப்பதால் பயன் என்ன, குடும்பத்தின் நிலை என்ன. தண்டனை தந்த நீதிமன்றத்தின் கருத்தையும் கேட்பார்கள். ஆனால் தீர்ப்பு எழுதிய நீதிபதி அதற்குள் மாறியிருப்பார். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவருக்குக் கைதியின் முகமே தெரியாது. பழைய தீர்ப்பைப் புரட்டிவிட்டு 'குற்றம் கொடூரமானது' என்று எழுதினால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். காரணம் சொல்லாத கருத்து போதாது என்று ராம் சந்தர் வழக்கில் 2022-ல் நீதிமன்றம் கண்டித்ததால், இப்போது அதை எதிர்த்து வாதாட இடமிருக்கிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு பழக்கம், அண்ணா பிறந்தநாள் விடுதலை. அரசியல் சாசனத்தின் 161-வது பிரிவு ஆளுநருக்குத் தரும் அதிகாரத்துக்கு 14 வருட வரம்பு கிடையாது. அதனால்தான் 2008-ல் நூற்றாண்டையொட்டி 7 ஆண்டுகள் முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேர் வெளியே வர முடிந்தது. 2021-ல் 700 பேரை விடுவிப்பதாக அறிவித்தார்கள். வந்தவர்களுக்காக எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அரசாணையில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியில் சில நாட்கள் குறைந்தால் ஆள் பட்டியலில் இல்லை. விழா வருமா என்று பார்த்துக் காத்திருப்பதை ஒரு தண்டனைக் கொள்கை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு முக்கியமான அடி எடுத்து வைத்தது. முன்விடுதலைக்கு எழுதப்பட்ட கொள்கை உள்ள மாநிலங்களில், தகுதி வந்ததும் கைதி மனு போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும். கொள்கை இல்லாத மாநிலங்கள் இரண்டு மாதத்தில் உருவாக்க வேண்டும் என்று அப்போது சொன்னது. மறுத்தால் சுருக்கமாகவாவது காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதுவது பாதிக்கப்பட்டவர்களுக்கும் பாதுகாப்பு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குஜராத் கலவரத்தில் நடந்த கூட்டு வல்லுறவு, கொலைகள் தொடர்பான பில்கிஸ் பானு வழக்கில் 11 பேரின் விடுதலையை 2024 ஜனவரியில் ரத்து செய்தபோது, முடிவெடுக்க அதிகாரமே இல்லாத அரசு அதைச் செய்தது என்று நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கும். இழந்த குடும்பத்தைக் கணக்கில் எடுக்காத சீர்திருத்தத்தை ஊர் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

சரி, வீட்டார் என்ன செய்யலாம்? முதல் சில வருடம் மனு பார்க்க (சிறையில் கைதியைச் சந்திக்க) எல்லோரும் வருவார்கள். அப்புறம் அம்மா மட்டும். அம்மாவும் போன பிறகு யாரும் வருவதில்லை. விடுதலை பரிசீலனைக்கு நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரிக்கும்போது, போய்த் தங்க வீடில்லை, ஏற்றுக்கொள்ள ஆளில்லை என்று அறிக்கை போனால் உள்ளே எத்தனை வருட நல்ல நடத்தை இருந்தும் பலன் குறைவு. அதனால் தம்பியோ அக்காவோ சித்தப்பாவோ, யாராவது ஒருவர் 'எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம், இந்த வேலை தருகிறோம்' என்று எழுதித் தரத் தயாராக இருங்கள். சிறை விடுப்பில் (பரோல்) வந்து சரியான நாளில் திரும்பியதற்கான தாள்கள், உள்ளே படித்த படிப்பு, செய்த வேலைக்கான சான்றுகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். ஆதார், ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பது தடையே இல்லை. 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைக்கலாம். முன்விடுதலை மறுக்கப்பட்டால் அந்த உத்தரவைச் சிறை வழியாகக் கைதிக்கு உடனே தெரிவிக்க வேண்டும், எதிர்த்து வழக்குப் போடும் உரிமை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 'ரிஜெக்ட் ஆயிடுச்சாம்' என்று வாய்மொழியாக வந்த தகவலோடு நிறைய குடும்பங்கள் திரும்பிப் போகின்றன. உத்தரவின் நகலைக் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் நாங்கள் வாதாட வேண்டியது அதில் எழுதியிருக்கும் காரணத்தை எதிர்த்துத்தான்.