சுவிட்சைப் போட்ட முதல் நொடி

"ஏசியைப் போட்ட உடனே ஓடுகிறதே, அதற்கான கூடுதல் மின்சாரத்தை மின்நிலையத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இல்லை. கம்பிகளில் மின்சாரத்தைத் தேக்கி வைக்க முடியாது. அப்படியானால் முதல் நொடியில் அந்த ஏசிக்குப் படியளப்பது எது? கொதிகலன் அல்ல, அதற்குச் செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது. ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் இரும்புதான் கொடுக்கிறது.

எல்லா மின்நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலைதான் மின்தொகுப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பில், அதாவது மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைபோல் சுழற்சி காணும் தொகுப்பில், பெரிய அனல்மின் நிலைய ஜெனரேட்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும். சுமை கூடினால் அதன் சுருள்களில் மின்னோட்டம் கூடுகிறது. அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் சுழலியைப் பின்னுக்கு இழுக்கிறது. பள்ளியில் படித்த லென்ஸ் விதிதான். நீராவியோ பழைய வேகத்திலேயே தள்ளிக்கொண்டிருக்கிறது. பற்றாக்குறையைச் சுழலி தன் இயக்க ஆற்றலிலிருந்து ஈடுகட்டிவிட்டு, மயிரிழை மெதுவாகிறது. குயவர் மண்ணை அழுத்தும்போது சக்கரம் தளர்வதும், பிறகு அவர் கோலால் விசை கொடுப்பதும் இதே கணக்குத்தான். ஆனால் இந்தக் கையிருப்பு சொற்பம்: முழுச் சுமையையும் தாங்கச் சொன்னால் சில நொடிகளில் தீர்ந்துவிடும்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சுழலி மெதுவானால் அதிர்வெண், அதாவது நொடிக்கு 50 என்ற அந்தச் சுழற்சி எண்ணிக்கை, குறைகிறது, அதுவும் தொகுப்பு முழுவதும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஜெனரேட்டரும், யாரும் சொல்லாமலே, எங்கோ சுமை கூடியதை உணர்ந்துவிடுகிறது. ஒவ்வொன்றிலும் உள்ள கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேகக் குறைவைக் கண்டு நீராவி வால்வைக் கூடுதலாகத் திறக்கிறது.

எவ்வளவு திறப்பது? ஒவ்வொரு கவர்னரும் "சரியாக 50-க்குக் கொண்டுவந்தே தீருவேன்" என்று பிடிவாதம் பிடித்தால், அளவீட்டில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளே அவற்றை ஒன்றோடொன்று மோதவிடும். அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் தாராளம் காட்டப் பழக்கியிருக்கிறார்கள். அதிர்வெண் 5 சதவீதம் விழுந்தால் முழுத் திறனையும் கொடு என்பது வழக்கமான ஓர் அமைப்பு. 0.05 ஹெர்ட்ஸ் குறைந்தால் ஒவ்வோர் இயந்திரமும் தன் திறனில் 2 சதவீதம் கூட்டும். பெரியது பெரிதாக, சிறியது சிறிதாக, சண்டையின்றிப் பங்கு பிரிந்துவிடுகிறது. மிச்சக் குறையைக் கட்டுப்பாட்டு மையம் நிதானமாகச் சரிசெய்யும். செய்யாவிட்டால்? 2018 தொடக்கத்தில் ஐரோப்பாவில் வாரக்கணக்கில் அதிர்வெண் சற்றே குறைந்திருந்ததால், மின்சுழற்சிகளை எண்ணி ஓடும் கடிகாரங்கள் ஏறத்தாழ 6 நிமிடம் பின்தங்கின.

எதிர்பார்த்த சுமை எவ்வளவு பெரிதானாலும் சமாளிக்கலாம். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதிய ஆட்டம் முடிந்ததும், தொலைக்காட்சி முன்னிருந்து எழுந்தவர்கள் தேநீருக்கு மின்கெண்டியைப் போட, பிரிட்டனின் மின்தேவை 2,800 மெகாவாட் எகிறியது. பொறியாளர்கள் அதற்குத் தயாராகவே இருந்தார்கள். திடீர் இழப்புதான் ஆபத்து. அதே நாட்டில் 2019 ஆகஸ்ட் 9 அன்று மின்னலை அடுத்துச் சில நிலையங்கள் விலக, அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. மிச்சத் தொகுப்பைக் காப்பாற்ற, சுமார் பத்து லட்சம் இணைப்புகளைத் தானியங்கிக் கருவிகள் துண்டித்தன.

சூரிய மின்தகடுகளில் சுழலும் இரும்பே கிடையாது. அவை பெருகப் பெருக, அந்த முதல் நொடியின் கையிருப்பு கரைகிறது. மின்கலத் தொகுப்புகள் நொடிக்கும் குறைவான நேரத்தில் கைகொடுக்கும். மின்சாரம் தயாரிக்காமல் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும் இயந்திரங்களையும் பல நாடுகள் நிறுவி வருகின்றன. புதிய மின்நிலையம் என்றால் திறப்பு விழாவுக்கு ஆள் கூடும், பணமும் வரும். எதையும் தயாரிக்காத சக்கரத்துக்கு நிதி கேட்டுப் போகும் பொறியாளரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.