யூஸ் டாக்ஸ்: நுழைவு வரி அன்று, பயன்பாட்டு வரி

அமெரிக்க விவசாயம் பற்றிய தமிழ்க் காணொளி ஒன்றில் போன வாரமும் கேட்டேன்: “பக்கத்து ஸ்டேட்ல டிராக்டர் வாங்கிட்டு வந்தா நுழைவு வரி கட்டணும்.” இந்த ஆண்டில் இது நான்காவது முறை. ‘யூஸ் டாக்ஸ்’ என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். மற்றதெல்லாம் விவரமாகப் பேசுகிறவர்கள், இந்த ஒரு சொல்லில் சறுக்கிவிடுகிறார்கள்.

‘யூஸ்’ லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பயன்படுத்துதல் என்பதே அன்றும் இன்றும் அதன் பொருள். விற்பனை வரி கட்டாமல் வாங்கிய பொருளைத் தன் எல்லைக்குள் ஒருவர் பயன்படுத்தும்போது மாநிலம் கேட்பது யூஸ் டாக்ஸ். 1930களில் மாநிலங்கள் விற்பனை வரி போடத் தொடங்கியதும், எல்லை தாண்டிப் போய் வாங்கினால் மிச்சம் என்றாகிவிட்டது. அந்த ஓட்டையை அடைக்க வந்த வரி இது.

ஓரிகன் மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் மாநில வரி மட்டும் 6.5%, உள்ளூர் வரி தனி. வாஷிங்டன் விவசாயி ஒருவர் ஓரிகனில் 40,000 டாலருக்கு டிராக்டர் வாங்குகிறார் என்று வையுங்கள். ரசீதில் வரி என்ற வரியே இராது. டிரெய்லரில் ஏற்றிக் கொலம்பியா ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ‘வரி கட்டினாயா’ என்று கேட்க அங்கே யாரும் இல்லை. வீட்டுக்கு வந்தபின் அவரேதான் வருவாய்த் துறைக்குக் கணக்குக் காட்டி, மாநிலப் பங்காக 2,600 டாலரும் உள்ளூர்ப் பங்கும் கட்ட வேண்டும். இதில் நுழைவு எங்கே இருக்கிறது?

நுழைவு வரி நமக்குப் பழகிய சொல் என்பதுதான் சிக்கல். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிமாநிலத்தில் வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த வண்டிகளுக்கு நுழைவு வரி இருந்தது. ‘உறுபொருளும் உல்குபொருளும்’ என்று வள்ளுவர் சொல்லும் உல்கும் சரக்கு வரும் வழியில் வாங்கும் சுங்கமே. அந்த வகை வரிக்கு நம்மிடம் நல்ல சொற்கள் உண்டு. ஆனால் யூஸ் டாக்ஸ் அந்த வகை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1937இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் கிராண்ட் கூலி அணை கட்டிய ஒப்பந்ததாரர்கள் வெளிமாநிலங்களில் இயந்திரங்களும் பொருள்களும் வாங்கிவந்தார்கள். அவற்றுக்கு அந்த மாநிலம் 2% வரி கேட்டது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தின்மேல் வரி போடுகிறார்கள் என்று அவர்கள் வழக்காடினார்கள். வரி வணிகத்தின்மேல் இல்லை, வணிகம் முடிந்தபின் பொருளைப் பயன்படுத்தும் உரிமையின்மேல் என்றார் நீதிபதி கார்டோசோ. எல்லை தாண்டியதற்கான வரி என்றிருந்தால் அது செல்லுபடியாவதே கடினம். ‘நுழைவு வரி’ என்று மொழிபெயர்ப்பவர், வழக்கில் தோற்ற ஒப்பந்ததாரர்களின் வாதத்தைச் சட்டத்தின் பெயராக்கிவிடுகிறார்.

இன்னொன்றும் பாருங்கள். அயோவா மாநிலத்தில் உழவு வேலைக்கான இயந்திரங்களுக்கு விற்பனை வரி விலக்கு உண்டு. அதனால் அவற்றை வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவந்தாலும் யூஸ் டாக்ஸ் கிடையாது. வேறு மாநிலத்தில் 6% முறையாகக் கட்டியிருந்தால் வாஷிங்டன் அதைக் கழித்துக்கொள்ளும். விற்பனை வரி விட்ட இடத்தில் மட்டுமே இது வரும்.

‘பயனர் வரி’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கைப்பேசிச் செயலியில் பார்த்த ‘பயனர்’ கண்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘நுகர்வு வரி’ இன்னும் மோசம்: விற்பனை வரியையும் மதிப்புக் கூட்டு வரியையும் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயர் அது. டிராக்டரை யாரும் நுகர்ந்து தீர்ப்பதும் இல்லை.

‘பயன்பாட்டு வரி’ என்று எழுதுங்கள். கொட்டகையில் சும்மா நிறுத்தினாலும் வரி உண்டே என்பார்கள். உண்மைதான், பல சட்டங்கள் சேமித்து வைப்பதையும் சேர்த்தே சொல்கின்றன. ஆனால் அந்தக் குறை ஆங்கிலப் பெயரிலும் இருக்கிறது. வாஷிங்டன் வழக்கில் இந்த வரிக்கு இருந்த பழைய பெயர் ‘காம்பன்சேட்டிங் டாக்ஸ்’, அதாவது ஈடுசெய்யும் வரி; அதைப் பார்த்தால் ‘ஈட்டு வரி’ என்றே சொல்லலாம். வேலை என்ன என்பது அதில் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. முதன்முறை எழுதும்போது ‘பயன்பாட்டு வரி, அதாவது விற்பனை வரிக்கு ஈடான வரி’ என்று எழுதுகிறேன். அடுத்த வரியிலிருந்து பயன்பாட்டு வரி மட்டும்.