பேக்க தோள்ல மாட்டாதீங்க, இடுப்புல உக்கார வைங்க

கும்பகோணத்துல பிசியோதெரபி பாக்குறேன், எங்கிட்ட வர்றதுல பாதிப் பேரு நடவு, களையெடுப்புன்னு குனிஞ்சே இடுப்பு போனவங்க, ஆனா ஜூன் பொறந்தா இன்னொரு கூட்டம் வரும், லீவுக்கு டூர் போயிட்டு வந்தவங்க. போன வருஷம் பாபநாசம் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி வந்தான், கௌரிகுண்ட்லேர்ந்து கேதார்நாத் வரைக்கும் சுமாரா 16 கிலோமீட்டர் முதுகுல பேக்க மாட்டிக்கிட்டு நடந்தே ஏறியிருக்கான், "வலியெல்லாம் பெருசா இல்லக்கா, வலது கைய தலைக்கு மேல தூக்க முடியல, தலை சீவுனா கை தானா எறங்குது"ன்னான். சுவத்துல ரெண்டு கையையும் ஊனி தள்ளச் சொன்னேன், வலது தோள்பட்டை எலும்பு மட்டும் றெக்கை மாதிரி பின்னாடி துருத்திக்கிட்டு நின்னுச்சு.

இதுக்கு ரக்சேக் பால்சின்னு பேரு, ரக்சேக்னா முதுகுல மாட்டுற பேக், பால்சின்னா நரம்பு அடிபட்டு தசை வலுவிழந்து போறது. பேக்கோட வார் மணிக்கணக்கா தோளை அழுத்துறதுல கழுத்துலேர்ந்து கைக்குப் போற நரம்பு அடிபட்டுடும், வலி கம்மியா இருக்கறதால ஜனங்க கண்டுக்கவே மாட்டாங்க. முக்காவாசி பேருக்கு சரியாயிடும், ஆனா மாசக்கணக்குல ஆகும், இவனுக்கு நாலு மாசம் ஆச்சு. டூர் போயிட்டு வந்து கை மரத்துப் போறது, தூக்க முடியாம இருக்கறதுன்னா தைலம் தேச்சுக்கிட்டு உக்காராம டாக்டர பாருங்க.

பேக்ல என்னடா வச்சிருந்தன்னு கேட்டா, ஜீன்ஸ் மூணு, போர்வை, ரெண்டு லிட்டர் தண்ணி, கண்ணாடி பாட்டில்ல நார்த்தங்கா ஊறுகா (அம்மா வச்சது, வேணாம்னு சொல்ல முடியுமா), எல்லாம் சேத்து 14 கிலோ, அவனே 58 கிலோதான். மலையேறிப் பழகினவங்களுக்கே உடம்பு எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல வேணாம்பாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குற நமக்கு பத்துல ஒரு பங்கு பக்கமா நின்னா நல்லது. வீட்டுல எடை மெஷின்ல பேக்கோட ஒரு தடவை பேக் இல்லாம ஒரு தடவை ஏறி நின்னா தெரிஞ்சுபோவுது.

கடையில எல்லாரும் எத்தனை லிட்டர், எத்தனை ஜிப்புன்னுதான் கேக்குறாங்க, முதுகு அளவ யாரும் கேக்குறதில்ல. தலைய குனிஞ்சா கழுத்தடியில ஒரு எலும்பு துருத்தும்ல, அங்கேர்ந்து இடுப்பெலும்போட மேல் விளிம்பு மட்டம் வரைக்கும் டேப் வச்சு அளங்க, அதுதான் பேக்கோட சைஸ், ஆள் உயரம் இல்ல. இடுப்பு பெல்ட் பஞ்சு வச்சு அகலமா இருக்கணும், சும்மா நாடா மாதிரி தொங்குனா பிரயோஜனமில்ல. கடைக்குப் போறப்பவே 5 கிலோ அரிசிப் பை ஒண்ணு கொண்டுபோங்க, கடைக்காரர் சிரிப்பாரு, சிரிக்கட்டும், அதை உள்ள வச்சு எல்லா வாரையும் லூஸ் பண்ணிட்டு மொதல்ல இடுப்பெலும்பு மேல பெல்ட்ட இறுக்குங்க, அப்புறம் தோள் வாரு, கடைசியா நெஞ்சு வாரு. தோளுக்கும் வாருக்கும் நடுவுல விரல் லேசா நுழையணும், அப்பதான் பாரம் இடுப்புக்கு எறங்கிருக்குன்னு அர்த்தம்.

அடுக்குறத நம்ம டிபிசியில, அதான் நெல்லு கொள்முதல் நிலையத்துல, சுமை தூக்குற அண்ணங்ககிட்ட கத்துக்கலாம், 40 கிலோ நெல்லு மூட்டைய முதுகோட ஒட்டித்தான் எடுப்பாங்க, தள்ளிப் பிடிச்சா அவங்களயே சாய்ச்சிடும். பேக்லயும் கனமானது முதுகை ஒட்டி நடுவுல, துணி அடியில, மழைக்கோட்டு மேல. குளிக்கிற டர்க்கி டவலுக்கு பதிலா ஈரிழைத் துண்டு, ஒரே துண்டுதான், சட்டுனு காயும், தலைக்கும் கட்டிக்கலாம். ஜீன்ஸ் ஒண்ணு போதும், அதுவும் மலைக்கு வேணாம், நனைஞ்சா காயவே காயாது. பவர் பேங்க்க பிளைட்ல லக்கேஜ்ல போட விடமாட்டாங்க, கையிலதான் வச்சுக்கணும், அதனால அந்த எடையையும் சேத்தே கணக்கு போடுங்க.

ஆகஸ்ட் கடைசியில வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்க ஒரே தோள்ல துணிப்பைய மாட்டிக்கிட்டு போறத பாக்குறப்ப எனக்கு கை பரபரங்கும், ரெண்டு தோள்லயும் மாட்டுற சின்ன பேக்கா எடுத்துக்கிட்டா கழுத்து வலி கொறையும்.

அந்த தம்பி இந்த வருஷம் மறுபடி கெளம்பினான், கிளினிக்ல கொண்டாந்து எடை போட்டு காமிச்சான், ஆறரை கிலோ. ஸ்டேஷன்ல அவங்கம்மா முறுக்கு டப்பா ஒண்ணை சொருகிட்டாங்களாம், விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள கம்பார்ட்மெண்ட்டுக்கே குடுத்து காலி பண்ணிட்டேன்க்கான்னு மெசேஜ் போட்டிருந்தான்.