எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வைப் புற்றணுவுக்குள் சேர்ப்பது ஏன் இவ்வளவு பாடு?

மரபணுவை அடக்குவது ஆய்வகத் தட்டில் எளிது. எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 21 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளமுள்ள இரட்டை இழை ஆர்.என்.ஏ. அது செல்லுக்குள் போய்விட்டால், ஆர்கோனாட்-2 என்ற புரதம் அதில் ஓர் இழையை வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் எம்.ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்ய மரபணு அனுப்பும் செய்தி நகலை, கண்டுபிடித்து வெட்டும். புரதம் வைத்துக்கொண்ட அந்த வழிகாட்டி இழையின் 10, 11ஆம் எழுத்துகளுக்கு நேரேதான் வெட்டு விழும், இடம் மாறாது.

ஆனால் அதை வெறுமனே ஊசியில் ஏற்றினால் இரத்த நொதிகள் சிதைக்கும், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும். எதிர் மின்னூட்டம் உள்ளதால் செல் சவ்வும் உள்ளே விடாது. அதனால்தான் அதைக் கொழுப்பு நானோ துகள் என்ற மிக நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள்.

கொழுப்புகளை எத்தனாலிலும் ஆர்.என்.ஏ.வைப் பி.எச். 4 அளவுள்ள சிட்ரேட் கரைசலிலும் கரைத்து, நுண்குழாயில் 1:3 கன அளவில் வேகமாகக் கலக்கிறார்கள். அமிலத்தில் நேர் மின்னூட்டம் பெறும் அயனியாகும் கொழுப்பு, ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எத்தனாலை நீக்கி, பி.எச்.சை 7.4க்கு உயர்த்தினால் துகளின் மேற்பரப்பு ஏறத்தாழ நடுநிலைக்கு வரும். கலவை மெதுவாக நடந்தால் துகள்கள் பெருத்து, அளவும் ஒரே சீராக இருக்காது. துகளின் மேல் நீர்விரும்பும் பாலிமர் போர்வையாக நிற்கும் பி.ஈ.ஜி. கொழுப்பு குறைந்தால் அவை ஒட்டிக் கட்டியாகும். கூடினால், அல்லது அதன் கொழுப்பு வால் நீண்டு துகளைவிட்டு உதிராமல் போனால், செல் அதை எடுத்துக்கொள்வதே குறையும்.

2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. மருந்தான பட்டிசிரான் இந்த வகைதான். அயனியாகும் கொழுப்பு, டி.எஸ்.பி.சி. என்ற பாஸ்போலிப்பிடு, கொலஸ்ட்ரால், பி.ஈ.ஜி. கொழுப்பு நான்கும் 50:10:38.5:1.5 என்ற மோல் விகிதத்தில் உள்ளன. அது புற்றுநோய்க்கான மருந்தல்ல, பரம்பரை அமிலாய்டு நோய்க்கானது. இரத்தத்தில் அபோ-ஈ புரதம் துகளைப் போர்த்த, கல்லீரல் செல்கள் தம் ஏற்பிகளால் அதை இழுத்துக்கொள்கின்றன. குறியே கல்லீரல் என்பதால் அது வென்றது. வேறு உறுப்பில் இருக்கும் கட்டிக்கு இதே குணம்தான் இடைஞ்சல்.

கட்டியின் இரத்தக் குழாய்கள் ஓட்டையானவை, துகள் அங்கே தானே கசிந்து தங்கும் என்ற நம்பிக்கை எலிகளில் வளர்ந்தது. மனிதக் கட்டிகளில் அந்தக் கசிவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. எலிகளிலேயே நிலைமை பெருமைப்படும்படி இல்லை: பல ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு அலசலில், கட்டியை அடைந்த துகள்களின் இடைநிலை அளவு ஏற்றிய மருந்தில் 0.7 சதவீதம்தான். செல்லுக்குள் போனாலும் துகளை விழுங்கிய எண்டோசோம் பையிலிருந்து தப்பி, ஆர்.என்.ஏ. வேலை செய்யும் இடமான சைட்டோபிளாசத்துக்கு வருவது அதிலும் ஓரிரு சதவீதம். மீதி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் செரிமானமாகிவிடும்.

கட்டி சுருங்கியது என்று மட்டும் காட்டும் ஆய்வை நான் உடனே நம்புவதில்லை. அந்நிய ஆர்.என்.ஏ.வைக் கண்டு நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தாலும் கட்டி சுருங்கலாம். இதைத் தவிர்க்கத்தான் சில எழுத்துகளில் 2'-ஓ-மெத்தில் என்ற வேதி மாற்றம் செய்கிறார்கள், எழுத்து வரிசையைக் கலைத்த ஆர்.என்.ஏ.வை ஒப்பீட்டுக்கு வைக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் டேவிஸ் குழு, சைக்ளோடெக்ஸ்ட்ரின் பாலிமர் துகளை மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கொண்ட நோயாளிகளுக்குச் செலுத்தியபோது, திசு மாதிரியில் ஆர்.ஆர்.எம்.2 மரபணுவின் எம்.ஆர்.என்.ஏ. எதிர்பார்த்த அதே எழுத்தில் அறுபட்டிருந்ததைக் காட்டியது. அந்தத் துகள் மருந்தாகவில்லை. ஆனாலும் ஒரு குழுவிடம் கேட்க வேண்டிய சான்று அந்த வெட்டு இடம்தான்.