புது போர்வெல் கேட்கும் முன் கயிற்றை உள்ளே விட்டுப் பாருங்கள்

2017 பங்குனி. வள்ளியூருக்குக் கிழக்கே நூற்றுப்பத்து வீடுள்ள ஒரு சின்ன ஊர். ஒன்றிய ஓவர்சியராக நான் போய் இறங்கியபோது காலிக்குடங்களை வரிசையாக வைத்து ரோட்டை மறித்திருந்தார்கள். "ஏ ஐயா, ஒரு புது போரு போட்டுத் தந்திருங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றார் ஒரு ஆச்சி.

கேட்டதில் தப்பே இல்லை. முந்தைய வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்து, அந்த ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்திருந்தது. டேங்க் ஆபரேட்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "போர்ல தண்ணி எத்தனை அடியில நிக்கு?" என்றேன்.

"அது தெரியாது சார். மோட்டார் காத்து இழுக்கு, அவ்வளவுதான் தெரியும்."

நைலான் கயிறு வாங்கி வரச் சொல்லி, பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் பெரிய இரும்பு நட்டு ஒன்றைக் கட்டினோம். மோட்டாரை நிறுத்தி மூடியைக் கழற்றி, கேசிங் என்கிற வெளிக்குழாய்க்கும் மோட்டார் பைப்புக்கும் நடுவே கயிற்றை இறக்கினார் ஆபரேட்டர். நான் காதை வைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தோராவது முடிச்சு உள்ளே போனதும் 'டொபுக்'. தண்ணீர் நிற்பது 210 அடியில். மோட்டார் கிடந்தது 220 அடியில். போரின் ஆழமோ 360 அடி.

அந்த மோட்டார் இன்னும் நூறடி தூக்குமா என்று பார்த்துவிட்டு, ஐந்து லெந்து பைப் கூட்டி இறக்கினோம். மறுநாள் 200 லிட்டர் டிரம் ஐந்து நிமிடத்தில் நிரம்பியது. பத்து மணி நேரம் ஓட்டினால் 24,000 லிட்டர். ஊரில் 430 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்ற, மத்திய அரசின் இன்றைய ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் பார்த்தாலும் 23,650 லிட்டர்தான் வேண்டும். கடைசித் தெருவுக்கு அப்போதும் வரவில்லை. டேங்கை ஒட்டிய நாலு வீட்டில் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடுங்கப் போய் நான் வாங்கிய ஏச்சு தனிக்கதை.

இதே ஊரின் மனு அதற்கு முன் மூன்று முறை ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. மனுவில் இருந்தது மூன்றே வரி: தண்ணீர் இல்லை, போர் வேண்டும், ஆவன செய்யவும். அதை வைத்துக்கொண்டு யாரும் எஸ்டிமேட் போட முடியாது. ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், அதையும் செய்யவில்லை.

புது போர் எல்லா நோய்க்கும் மருந்தல்ல. நம் பக்கம் பெரும்பாலும் பாறை நிலம்; தண்ணீர் இருப்பது பாறை வெடிப்பில். நானே எஸ்டிமேட் போட்டுத் தோண்டிய போர்களில் தண்ணீரே வராமல் வெறும் புகை பறந்தவை உண்டு. ராதாபுரத்துக் கடலோரத்தில் ஆழம் போகப் போக உப்பு ஏறிவிடுகிற இடங்களும் உண்டு. "தாமிரபரணி ஓடுற ஊர், உங்களுக்கென்ன பஞ்சம்" என்பார்கள் வெளியூர்க்காரர்கள். பாபநாசம் அணை 143 அடியும் நிரம்பிவிட்டது என்று பேப்பரில் படிக்கிற நாளிலேயே இங்கே குடம் காலியாக இருக்கும். ஆற்றின் உறைகிணறுகளிலிருந்து வரும் கூட்டுக் குடிநீரும், குழாயின் கடைசியில் இருக்கிற ஊருக்கு நூலாகத்தான் வந்து சேரும்.

பணம் வரும் வழிகள் இருக்கின்றன. 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு, ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதத்தை இன்னின்ன வேலைக்கென்றே கட்டிவைத்தது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுபயன்பாட்டுக்கு. ஜல் ஜீவனில் ஊருக்குள் நடக்கும் வேலையின் செலவில் பொதுவாக 10 சதவீதம் மக்கள் பங்கு. மலைப்பகுதிக்கும், பட்டியலினத்தார் அல்லது பழங்குடியினர் பாதிக்கு மேல் உள்ள ஊருக்கும் 5 சதவீதம். அதை உடலுழைப்பாகவும் தரலாம். வறட்சி என்று அறிவித்துவிட்டால் லாரித் தண்ணீருக்கு மாநிலப் பேரிடர் நிதியில் இடமுண்டு. ஆனால் லாரி வந்துவிட்டது என்று போரை மறந்துவிடுகிற ஊர்களையும் பார்த்திருக்கிறேன்.

கிராமசபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் ஆட்கள் தண்ணீருக்காகத் தீர்மானம் போடுவது மே 1-ஆம் தேதி, போர் செத்த பிறகு. மார்கழி முடியும்போதே மழை கைவிட்டது தெரிந்துவிடும். ஜனவரி 26-இலேயே போடுங்கள். போரின் ஆழம், மோட்டார் நிற்கும் ஆழம், மாதாமாதம் நீர்மட்டம், டிரம் நிரம்பும் நேரம், ஆள்தொகை, தண்ணீர் எட்டாத தெரு, இத்தனையும் தீர்மானத்தில் இருக்கட்டும். தீர்மான நகலோடு ஒன்றிய அலுவலகத்திலும் திங்கள்கிழமை கலெக்டர் மனு நாளிலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கயிறு இன்னும் மோட்டார் ரூம் ஆணியில் தொங்குகிறது. பழைய ஆபரேட்டர் நின்றுவிட்டார். சமீபத்தில் அந்தப் பக்கம் போனபோது புதுப் பையன் நோட்டை எடுத்துக் காட்டினான். கார்த்திகை பிறந்தும் பதினேழு முடிச்சு. "இந்தத் தடவ பொங்கலுக்குள்ளயே எழுதி வச்சிருதோம் சார்" என்றான்.